கூடத்தில் மூன்று ஃப்ளிப்பர்

எங்கள் வீட்டுக் கூடத்தில் சோபா கிடையாது. அந்த இடத்தில் மூன்று ஃப்ளிப்பர் மெஷின்கள் நிற்கின்றன. வருகிறவர்களைச் சாப்பாட்டு மேசையில்தான் உட்கார வைப்போம். முத்தியால்பேட்டையில் எங்கள் தெருமுனையில் வந்து கேட்டால் "பந்து மெஷின் வீடா?" என்று கை காட்டிவிடுவார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடித்திருக்கிறது.

பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இடுப்பு உயரத்தில் லேசாகச் சாய்ந்த ஒரு பலகை, அதன்மேல் கண்ணாடி. தலைமாட்டில் நிமிர்ந்து நிற்கும் ஒரு பெட்டி, அதன் முகப்பில் எண்களும் படமுமாக இன்னொரு கண்ணாடி. ஸ்பிரிங் கம்பியை இழுத்துவிட்டால் இரும்புக் குண்டு மேலே ஓடி, அங்கங்கே முட்டி மோதிக்கொண்டு இறங்கும். அது கீழே உள்ள பள்ளத்தில் விழுந்துவிடாமல், இரண்டு பக்கப் பொத்தான்களையும் அமுக்கி, துடுப்பு மாதிரியான இரண்டு கட்டைகளால் திருப்பி அடிக்க வேண்டும். அந்தக் கட்டைக்குத்தான் ஃப்ளிப்பர் என்று பெயர். பிரான்சில் மெஷினையே அப்படித்தான் சொல்வார்களாம். அங்கிருந்து வந்தவர்கள் வாயிலிருந்து எங்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

என்னுடைய மூன்றும் கம்ப்யூட்டர் காலத்துக்கு முந்தியவை. உள்ளே சிப் என்று ஒன்றும் இல்லை. குண்டு எதையாவது தொட்டால் ரிலே என்கிற சின்ன ஸ்விட்ச் மூடும். அது ஒரு கம்பிச் சுருளுக்குக் கரண்டைக் கொடுக்கும். சுருள் இழுத்ததும் புள்ளிகளைக் காட்டும் எண் சக்கரம் ஒரு பல் நகரும், மணி அடிக்கும். எல்லாவற்றையும் கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கலாம்.

முதல் மெஷினைக் கொண்டு வந்தவர் என் கணவர். அவர் டெம்போ ஓட்டுகிறார், வீட்டுச் சாமான் ஏற்றுவது இறக்குவதுதான் வேலை. கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டைக் காலி செய்தார்கள். அது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்த ஒரு பெரியவரின் வீடு. அப்படிப்பட்டவர்களை இங்கே சொல்தா என்போம். அவர் இறந்தபின் பிள்ளைகள் பிரான்சிலிருந்தே ஆள் வைத்து வீட்டை ஒழித்தார்கள். வேண்டாம் என்று ஒதுக்கிய சாமான்களில் இதுவும் ஒன்று.

"இன்னாங்க இது, இதப் போயி தூக்கினு வந்துட்டீங்க?" என்றேன்.

"பலகை நல்லாக் கீது. உள்ள கீறதை எடுத்துட்டா சாப்பாட்டு மேசை ஆயிடும்."

உள்ளே இருப்பதை எடுக்கலாம் என்று நான்தான் திறந்தேன். திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நான் சேதராப்பட்டில் ஸ்டெபிலைசர் செய்யும் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். தினமும் ரிலேயோடுதான் என் பிழைப்பு. ஆனால் இத்தனை ரிலேக்களை, துணி சுற்றிய வண்ண வண்ண ஒயர்களோடு, இவ்வளவு ஒழுங்காக அடுக்கி நான் பார்த்ததே இல்லை. யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு ஒயரையும் கையால் கட்டியிருக்கிறார்கள். அதைப் பிடுங்கி எறிய எனக்கு மனசு வரவில்லை.

"மேசை வேணாங்க. இத ஓட வைக்கிறேன்."

"உன்னால முடியுமா?"

"தெரியல. பாக்கலாம்."

மழைக்காலத்தில் ஆரம்பித்தேன், வெயில் வந்த பிறகுதான் முடிந்தது. கடல் காற்றில் ரிலே முனைகள் எல்லாம் கறுத்திருந்தன. மருந்துக் கடையில் ஸ்பிரிட் வாங்கி, கெட்டி அட்டையை நனைத்து, ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். பல் சக்கரங்களில் இருந்த கிரீஸ் வெல்லப்பாகு மாதிரி இறுகிக் கிடந்தது. ரப்பர் வளையங்கள் தொட்டாலே உதிர்ந்தன. அதற்குத் தண்ணீர் மோட்டாருக்குப் போடும் ஓ ரிங்கில் அளவு பார்த்து வாங்கினேன். துருப்பிடித்த குண்டுக்குப் பதிலாக லேத் பட்டறையிலிருந்து பேரிங் குண்டு. காசு போடும் வாயில் பழைய பிராங்க் நாணயம்தான் போகும், அதனால் பக்கத்தில் ஒரு அழைப்பு மணிப் பொத்தானை வைத்துவிட்டேன். கடைசியில் அந்தப் பொத்தானை அமுக்கியபோது எண் சக்கரங்கள் கடகடவென்று சுற்றிப் பூஜ்யத்தில் வந்து நின்றன. என் கணவர் கையில் வைத்திருந்த தட்டோடு எழுந்து வந்துவிட்டார்.

அதன்பிறகு எனக்கு ஆசை விடவில்லை. ஒன்று மட்டும் இருந்தால் அது நல்லதா சுமாரா என்று எப்படித் தெரியும்? ஊருக்கு வடக்கே தோப்பு வீட்டில் இருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் ஊருக்குத் திரும்பும்போது இத்தாலியில் செய்த மெஷினைக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்றாவது கனகசெட்டிக்குளத்தில் மூடிக் கிடந்த ஒரு கடற்கரை விடுதியில் கிடைத்தது. வலைகளுக்கு அடியில் கால் நான்கும் துருவாகிப் போய்க் கிடந்தது. எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றார் விடுதிக்காரர்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ரசமட்டம் வைத்து ஒரே சாய்வுக்குக் கொண்டு வந்தபின்தான் அவற்றின் குணம் புரிந்தது. சொல்தா வீட்டு மெஷின் அமெரிக்காவில் செய்தது, முகப்புக் கண்ணாடியில் குதிரைப் பந்தயப் படம். மூன்று உலோகப் பட்டைகளில் அடிக்கும் மணி, கேட்கக் கேட்க இனிக்கும். ஆனால் ஃப்ளிப்பர்கள் குட்டை, நடுவில் இடைவெளி அதிகம், கொஞ்சமும் இரக்கம் காட்டாது. இத்தாலிக்காரன் சர்க்கஸ். விளக்குகள் அழகு, அடி மென்மை, மணி மட்டும் பழைய டெலிபோன் மாதிரி. விடுதி மெஷினில் கடலுக்குள் முக்குளிக்கிறவர்களின் படம். அதில்தான் குண்டு நினைத்த இடத்துக்குப் போகும். விளையாட அதுதான் சிறந்தது என்பது என் கட்சி. கணவர் சர்க்கஸ் கட்சி. எங்கள் வீட்டில் வேறு எதற்கும் இவ்வளவு வாக்குவாதம் நடந்ததில்லை.

போன வருஷம் ஒரு கல்யாண வீட்டுக்குச் சீர்வரிசைச் சாமான் ஏற்றப் போனவர், ஒரு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். அறுபது வயதிருக்கும். வெட்டிவிட்ட நரை முடி, பருத்திப் புடவை.

"சொல்தா வூட்டுப் பொண்ணு. பிரான்சுல கீறாங்க, கல்யாணத்துக்கு வந்தாங்க. பேசினு இருந்தப்பத் தெரிஞ்சுது. உங்க மெஷின் எங்க வூட்ல ஓடுதுன்னேன், நம்பமாட்டேன்னுட்டாங்க" என்றார்.

திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்று முதலில் நினைத்தேன். "வாங்கக்கா" என்று சொல்லி, ஸ்விட்சைப் போட்டேன்.

குதிரைகள் வெளிச்சத்தில் வந்ததும் அந்த அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். பிறகு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு விளையாடினார் பாருங்கள்! குண்டை ஃப்ளிப்பர் மேல் நிறுத்தி, மூச்சைப் பிடித்து, நினைத்த இடத்துக்கு அனுப்பினார். எனக்கே அது வருவதில்லை.

"எங்க கத்துக்கிட்டீங்க?"

"பப்பாகிட்டதான். அங்க எங்க வீட்டுக்குக் கீழ ஒரு கஃபே. அது மூடுறப்ப இத வாங்கிட்டாரு. அம்மாவுக்குப் பிடிக்கவே பிடிக்காது." சிரித்துக்கொண்டே ஆடினார். ஆட்டம் முடிந்ததும் எண்களைப் பார்த்தபடி நின்றார். "ஒரு தடவை லட்சம் எடுத்துட்டேன்னு வீடே அதிர்ற மாதிரி கத்துனாரு. நாங்கல்லாம் ஓடி வந்து பார்த்தா, ரெண்டாயிரமோ என்னமோ காட்டுது. அம்மா விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அன்னையிலேர்ந்து வீட்ல யார் பொய் சொன்னாலும் 'பப்பா எடுத்த லட்சம்'னுதான் சொல்லுவோம். அவர் சாகிற வரைக்கும் எடுத்தேன்னே சொல்லிக்கிட்டிருந்தாரு."

நான் அவரையே பார்த்தேன். "அக்கா, அவரு பொய் சொல்லியிருக்க மாட்டாரு" என்றேன்.

"என்ன சொல்றீங்க?"

"இதுல அஞ்சு சக்கரந்தான் இருக்குது. லட்சம் வந்தா காட்ட இடம் இல்ல. திரும்பப் பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிச்சிடும்."

பின்பக்கத்தைத் திறந்து, எண் சக்கரங்களைக் கையாலேயே ஒன்பதுகளுக்குக் கொண்டு வந்தேன். "இப்ப அடிங்க" என்றேன். அவர் ஒரு குண்டை ஏவினார். முதல் மணி அடித்தது. ஐந்து சக்கரங்களும் ஒன்றாகப் புரண்டு பூஜ்யமாயின. அதே நேரத்தில் முகப்புக் கண்ணாடியில், ஒரு குதிரையின் கழுத்துக்குப் பக்கத்தில், அதுவரை வெறும் கறுப்பாக இருந்த ஓரத்தில் 100,000 என்று சிவப்பாக எரிந்தது.

"இந்த பல்பு நான் திறந்தப்ப ஃப்யூஸ் போயிருந்துச்சு. ஹோல்டரே துரு. மாத்தி வச்சது நான்தான். அன்னைக்கும் இது எரியாம இருந்திருந்தா, நீங்க பாத்தது வெறும் ரெண்டாயிரம். அவரு ஒன்பதெல்லாம் பூஜ்யமாப் புரண்டதையே பாத்திருப்பாரு."

அந்த அம்மா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, பிரான்சில் இருக்கும் தம்பியை வீடியோவில் கூப்பிட்டு, என்னென்னவோ பிரெஞ்சில் படபடவென்று சொன்னார். திரையை மெஷின் பக்கம் திருப்பினார். அந்தப் பக்கம் ஒரு வழுக்கைத் தலைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு "பப்பா, பப்பா" என்றது எனக்கே புரிந்தது. என் கணவர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

போகும்போது கேட்டேவிட்டார். "இத எனக்குக் குடுப்பீங்களா?"

"இல்லக்கா" என்றேன். "இத நான்தான் உசுரு குடுத்து வச்சிருக்கேன். எப்ப ஊருக்கு வந்தாலும் வந்து விளையாடுங்க."

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்து, விரல் நுனிகளில் இருந்த, ஒயர் பற்றவைக்கும் சூட்டுக்கோல் தழும்புகளைப் பார்த்தார். "நியாயந்தான். நாங்க வேணாம்னு போட்டுட்டோம். நீங்க எடுத்தீங்க" என்று சொல்லிவிட்டு, சர்க்கஸையும் ஒரு ஆட்டம் பார்த்துவிட்டே போகிறேன் என்று திரும்பி வந்தார். இருட்டிய பிறகுதான் கிளம்பினார்.

கம்பெனியில் இந்த மெஷின்களைப் பற்றி அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. இந்த வயதில் பந்து விளையாடுகிறாளே என்று கேலி செய்வார்கள் என்று ஒரு கூச்சம். மறுநாள் சாப்பாட்டு வேளையில் டிபன் டப்பாவைத் திறந்தபடியே சொல்லிவிட்டேன். "எங்க வீட்ல மூணு ஃப்ளிப்பர் இருக்குது. மூணும் நானே ரிப்பேர் பண்ணது." யாரும் சிரிக்கவில்லை. "எப்ப வரலாம்?" என்றுதான் கேட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டெஸ்டிங் பிரிவில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். எங்கள் சூப்பர்வைசரம்மா முதல் குண்டைக் கண் மூடித் திறப்பதற்குள் பள்ளத்தில் விட்டுவிட்டு, "இது செல்லாது, மறுபடியும்" என்றார். மதியத்துக்குள் கூட்டம் மூன்று கட்சியாகப் பிரிந்துவிட்டது. எது நல்ல மெஷின் என்று கூடத்தில் ஒரே கூச்சல். நான் டீ போட்டுக்கொண்டே உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். யார் எதைப் பாராட்டினாலும் அது என் மெஷின்தான்.