பிழையில்லாமல் வந்த செய்தி

நோர்வூட்டில் உயர்தரம் படித்தபோது எனக்கும் என் சிநேகிதிக்கும் ஒரே பைத்தியம். வயரும் இணையமும் இல்லாமல் பாடசாலையின் இரண்டு பழைய மடிக்கணினிகளைப் பேச வைக்க வேண்டும். ஒன்றின் திரையில் எழுத்துகள் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாகத் தோன்றும். எதிரே இருப்பது கமராவால் அவற்றைப் பார்த்து மறுபடி எழுத்தாக்கும். சரியாக வாசித்தால் தன் திரையைப் பச்சையாக்கும். பிழையாக வாசித்தால் சிவப்பு, அதைக் கண்டதும் முதல் கணினி அந்தக் கட்டங்களைத் திரும்பக் காட்டும்.

யோசனை அவளுடையது. ஹட்டனில் நடக்கவிருந்த மாணவர் கண்டுபிடிப்புப் போட்டிக்காகப் பாடசாலை விட்ட பிறகும் உட்கார்ந்திருப்போம். இரண்டு சொல் ஒழுங்காக வரும், மூன்றாவது குழம்பும். ஜன்னல் வெளிச்சம் திரையில் விழுவதுதான் காரணமென்று அவள் கண்டுபிடித்து, எங்கள் சுவெட்டர்களைக் கம்பியில் தொங்கவிட்டாள்.

போட்டிக்கு நான்கு நாள் இருந்தது. அன்று அவள் நீளமாக எதையோ தட்டச்சு செய்தாள். என் பக்கம் பச்சை, பச்சை, பச்சை.

"ஒரு எழுத்துகூட தப்பலடி!" என்று மேசையைத் தட்டிக் கத்தினேன்.

"மொதல்ல வாசிடி."

'அம்மாவுக்கு முதுகெலும்பு சரியாகாதாம். இனி கொழுந்து பறிக்கப் போக முடியாது. நாளைக்குக் காலையில கொழும்புக்குப் போறேன், கார்மெண்ட்ஸ் வேலைக்கு. போட்டிக்கு நீ போ.'

அவள் அம்மா மலையில் வழுக்கி விழுந்தது எனக்குத் தெரியும். இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை.

"ஏன்டி வாயால சொல்லல?"

"வாயத் தொறந்தா அழுதுருவேன்."

சொல்லிவிட்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. வாசிக்கும் முன்பே கத்திவிட்டேனே என்பதுதான் உள்ளே குடைந்தது.

போட்டியில் அவளுடைய இடத்தில் எங்கள் டீச்சர் உட்கார்ந்தார். "இது யாருடைய யோசனை?" என்று நடுவர் கேட்டார். "என் கூட்டாளியோடது சேர். அவ வரல" என்றேன். அவர் எதையோ எழுதிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். பரிசு கிடைக்கவில்லை.

நான் பல்கலைக்கழகம் போன வருடம் தீபாவளிக்கு அவள் ஊருக்கு வந்திருந்தாள். தோட்டத்து லயத்தில் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மெலிந்திருந்தாள். கம்ப்யூட்டர்தான் படிக்கிறேன் என்று சொல்லவே நாக்கு கூசியது.

"அங்க என்னடி படிச்சிக் குடுக்குறாங்க?" என்று கேட்டாள்.

சொல்ல ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "அம்மாவுக்கு வெந்நீர் வைக்கணும், இரு" என்று எழுந்து அடுப்படிக்குப் போனாள்.