மருந்துச் சீட்டில் என் பெயர்

என் தங்கை ஜெயசீலிக்கு இருமல் வந்தால் முதலில் குழாயைத் திறந்துவிடுவாள். பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்ட பிறகுதான் இருமுவாள். இரும்புலியூரில் எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வராத நாட்களில் தெருமுனைக் கை பம்புக்குப் போய், அதை அடித்துக்கொண்டே இருமியிருக்கிறாள். கல்லூரி விடுதியிலும் அப்படித்தான் என்று அவளோடு தங்கிய பெண் ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாள். பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிறேன். சாதாரணச் சளி இருமலுக்கும் அவளுக்குக் குழாய் வேண்டும்.

எங்கள் அப்பா யேசுதாசன் ரயில்வேயில் ஃபிட்டராக இருந்தார். சபைக் கமிட்டியில் செயலாளர். அம்மா இறந்தபோது நான் எட்டாம் வகுப்பு. அதோடு நின்றுவிட்டேன். ஜெயசீலி என்னைவிட நான்கு வயது சின்னவள். பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதல் மார்க் வாங்கினாள். டாக்டராக வேண்டும் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் மருத்துவக் கல்லூரி விண்ணப்ப அறிவிப்பைப் பேப்பரிலிருந்து வெட்டித் தன் பைபிளுக்குள் வைத்திருந்தாள். அது வேறு வருடத்து அறிவிப்பு. அவள் விண்ணப்பிக்க இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

1986 நவம்பரில், அவள் பிளஸ் டூ படிக்கும்போது, சாயங்காலமானால் காய்ச்சல் வரத் தொடங்கியது. பாவாடை நாடாவை முன்பைவிட இரண்டு விரல் உள்ளே இழுத்துக் கட்டுவதைப் பார்த்தேன். ஒரு நாள் காலையில் துவைக்கிற கல்லின் ஓரத்தில் ரத்தம் இருந்தது. அவள் அதைக் காலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சானடோரியத்துக்குக் கூட்டிக்கினு போலாம்பா," என்றேன். அது அரசுக் காசநோய் ஆஸ்பத்திரி, அதன் பெயரிலேயே ஒரு ரயில் ஸ்டேஷனும் உண்டு; எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம்.

"இன்னா பேசற நீ? அந்த ஸ்டேஷன்ல எறங்குனாலே டி.பி.ன்னு நெத்தியில எழுதிடுவானுங்க. நாளைக்கு இவளுக்கு எவன் டாக்டர் சீட்டு குடுப்பான்? எவன் கட்டிக்க வருவான்?"

அதனால் டிசம்பர் கடைசியில் சானடோரியம் ஸ்டேஷனைத் தாண்டிப் பல்லாவரம் போனோம். அங்கே மிஷன்காரர்கள் நடத்திய சின்ன நெஞ்சு நோய் கிளினிக் ஒன்றில் மருந்து இலவசம். கவுண்டரில் பெயர் கேட்டார்கள்.

"செல்வமேரி. வயசு இருபத்தொண்ணு," என்றார் அப்பா.

அது என் பெயர், என் வயது. நான் அவருக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். திரும்பி வரும் ரயிலில் அவரே பேச்சை எடுத்தார்.

"உனக்கு இன்னாமா? நீ படிக்கப் போறதில்ல. ஆறு மாசத்துல மருந்து முடிஞ்சா சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டா தீந்துது."

தலையாட்டினேன். அன்றைக்கு எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

கிளினிக்கில் "செல்வமேரி" என்று கூப்பிடும்போதெல்லாம் ஜெயசீலி எழுந்திருக்கக் கொஞ்ச நேரமாகும். "ஊசி போட்டுப் போட்டுக் காது அடைச்சிப்போச்சா?" என்று நர்ஸ் திட்டுவார். பிராக்டிகல் பரீட்சை நாட்களில் அவளால் மருந்து வாங்கப் போக முடியவில்லை. கிளினிக்கிலிருந்து ஜெயவேலு என்பவர் சைக்கிளில் வந்துவிட்டார். மருந்தை நிறுத்தியவர்களைத் தேடிப் பிடிப்பது அவர் வேலை. எதிர்வீட்டுக் கனகவல்லி அக்காவிடமே, "டி.பி. பேஷண்ட் செல்வமேரி வூடு எதும்மா?" என்று கேட்டிருக்கிறார். நான் இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாக வந்தேன். கனகவல்லி அக்கா என்னைக் காட்டினார்.

ஜெயவேலு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆறு வாரத்துலயேவா? மருந்து சூப்பரா வேலை செஞ்சிகீதே!" என்றார்.

மாத்திரையை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். அன்றிலிருந்து கனகவல்லி அக்கா எங்கள் வீட்டில் காபி குடிப்பதை நிறுத்திவிட்டார். பெருங்களத்தூரிலிருந்து எனக்கு வந்த வரன் ஒன்று, ஏன் என்று சொல்லாமலே நின்றுபோனது.

மார்ச்சில் ஜெயசீலி பரீட்சை எழுதினாள். வெறும் வயிற்றில் சிவப்பு மாத்திரையைப் போட்டுக்கொண்டு போவாள். பாதி வழியில் வாந்தி எடுப்பாள். உயிரியலில் இருநூறுக்கு நூற்று இருபத்தெட்டு வந்தது. பாஸ்தான். ஆனால் அந்த மார்க்கை வைத்துக்கொண்டு மருத்துவத்துக்கு விண்ணப்பிப்பது வீண். மார்க் வந்த நான்காம் நாள், "அக்கா, இம்ப்ரூவ்மெண்ட் எழுதறேன்," என்றாள்.

பாஸானவர்கள் மார்க்கைக் கூட்டிக்கொள்ள அடுத்த வருடம் அதே பாடங்களை மறுபடி எழுதலாம் என்று அப்போது இருந்தது. கனகவல்லி அக்காவுக்கு அது புரியவே இல்லை. "பாஸானவ எதுக்குடி மறுபடி பரீட்சை எழுதறா? அக்காக்காரிக்கு நெஞ்சுல கோளாறு, தங்கச்சிக்கு மண்டைல!" என்று குழாயடியில் சொல்லிச் சிரித்தார்.

மாத்திரை ஜூலையில் முடிந்தது. அதற்குப் பிறகு ஜெயசீலி உடம்பு தேறியது. நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குப் பட்டன் சரிபார்க்கும் வேலைக்குப் போய்வந்தேன். காலையில் நான் கிளம்பும்போது எந்தச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாளோ, சாயங்காலம் திரும்பும்போதும் அங்கேயே இருப்பாள். சாப்பாட்டுத் தட்டு காய்ந்து கிடக்கும். 1988 மார்ச்சில் மறுபடி எழுதினாள். உயிரியலில் நூற்றுத் தொண்ணூற்று மூன்று. நுழைவுத் தேர்வும் நன்றாக எழுதியிருந்தாள். தெற்கே ஒரு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அப்பா சபையில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்.

அவள் பெட்டியோடு போனாள். ஐந்தாம் நாள் பெட்டியில்லாமல் திரும்பி வந்தாள். கையில் ஒரு பெரிய காக்கி உறை இருந்தது.

சேருகிறவர்களுக்கு அங்கே உடல் தகுதிப் பரிசோதனை உண்டு. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல் பக்கம் தழும்பு தெரிந்திருக்கிறது. என்ன நோய், எங்கே மருந்து சாப்பிட்டாய், எத்தனை மாதம் என்று கேட்டிருக்கிறார்கள். அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள். முழுச் சிகிச்சையும் முடித்ததற்கு அத்தாட்சி கொண்டுவந்தால் போதும், சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். பத்து நாள் கெடு. தவறினால் காத்திருக்கும் அடுத்தவருக்கு அந்த இடம் போய்விடும். அவள் வீடு வந்து சேர்வதற்குள் அதில் மூன்று நாள் போயிருந்தது.

எங்களிடம் இருந்த சீட்டில் ஜெயசீலி என்ற பெயரே இல்லை.

அப்பா தனியாகப் பல்லாவரம் போய்விட்டு வந்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இன்னாப்பா சொன்னாங்க?" என்றாள் ஜெயசீலி.

"நான் பொய்ப் பேரு குடுத்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போடணுமாம். அப்பதான் அந்த டாக்டரம்மா சர்டிபிகேட் குடுப்பாங்களாம்."

"போட்டீங்களா?"

"கவர்மெண்ட் வேலையில இருக்கறவன்டி நான். சபைக்குச் செயலாளர். அந்தக் காயிதம் நாளைக்கு எங்கெங்க சுத்துமோ? பி.எஸ்ஸி. சேர்ந்துக்கோ. சீட்டு போனா போவுது, மானம் போவக் கூடாது."

"ரெண்டு வருஷம் படிச்சேம்பா."

"நான் மட்டும் சொகமாவா இருந்தேன்?"

அவள் அழவில்லை. காக்கி உறையிலிருந்த எக்ஸ்ரேயை எடுத்து, அது யாருடையதோ என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா இரண்டு நாள் மனம் மாறவில்லை. ஜெபம் செய்தார், வேலைக்குப் போனார், வந்தார்.

மூன்றாம் நாள் நான் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு ஜெயசீலியோடு பல்லாவரம் போனேன். கிளினிக் டாக்டர் பாலாம்பாளுக்கு அறுபது வயதிருக்கும். எங்கள் சீட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுல யாரும்மா செல்வமேரி?"

நான் கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடத்தில் தூக்குவது போல.

"நாளைக்கு நெஜமாவே உனக்கு இந்த வியாதி வந்தா, ரெண்டாவது தடவை வந்திருக்குன்னு நெனச்சு வேற மருந்து குடுத்திருப்போமே. அதை யோசிச்சீங்களா வீட்டுல?"

யோசிக்கவில்லை.

"அப்பா கையெழுத்து போட மாட்டாரு டாக்டர்," என்றாள் ஜெயசீலி.

டாக்டர் என்னை எக்ஸ்ரே அறைக்கு அனுப்பினார். அங்கே சிலுவைச் சங்கிலியைக் கழற்றச் சொன்னார்கள். ஜாக்கெட்டையும் கழற்றிவிட்டு ஒரு நீல அங்கியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். வெளியே வரக் கூச்சப்பட்டு நெடுநேரம் கதவுக்குப் பின்னால் நின்றேன். சில்லென்ற தகட்டில் நெஞ்சை அழுத்தி, "மூச்சை இழு, பிடி," என்றார்கள். சரியாக வரவில்லை. மூன்று முறை எடுத்தார்கள்.

ஈரம் காயாத என் படத்தையும், 1986-இல் என் பெயர் எழுதி எடுத்த படத்தையும், கல்லூரியிலிருந்து அவள் கொண்டுவந்ததையும் டாக்டர் ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். என் நெஞ்சில் ஒன்றும் இல்லை. மற்ற இரண்டிலும் ஒரே இடத்தில்தான் கோளாறு.

"நீ மேஜர். அது உன் பேரு. நீயே எழுதிக் குடு, போதும்," என்றார்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எட்டாம் வகுப்புக்குப் பிறகு நான் அவ்வளவு நீளமாக எழுதியதில்லை. நடுவில் ஒரு வரியை அடித்துத் திருத்தினேன். டாக்டர் பதிவேட்டைத் திறந்து, செல்வமேரி என்ற பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஜெயசீலி என்று எழுதிக் கையெழுத்திட்டார். அவள் பெயரில் சர்டிபிகேட்டும் கொடுத்தார். அன்று சாயங்காலமே ஜெயசீலி தாம்பரத்தில் ரயிலேறினாள். கெடு முடிய ஒரு நாள் இருந்தது. சேர்த்துக்கொண்டார்கள்.

அப்பா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. பிறகு, டாக்டருக்குப் படிக்கிற மகளைப் பற்றிச் சபையில் பேசத் தொடங்கினார். என்னோடும் பேசினார்.

1995-இல் ஜெயசீலிக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை தனசிங், கல்லூரியில் வாத்தியார், நல்ல மனிதர். கல்யாணத்துக்கு மறுவாரம் அவளுடைய பெட்டியை எடுத்துப்போக மாமியாரும் வந்திருந்தார். துணிகளை மடித்து வைக்கும்போது அடியிலிருந்து, பல்லாவரத்தில் 1986-இல் எடுத்த அந்தப் பழைய எக்ஸ்ரே வந்தது. வெள்ளை எழுத்தில் என் பெயர் இருந்தது.

"இது என்னம்மா, நெஞ்சுப் படம்?"

ஜெயசீலி என்னைப் பார்த்தாள். நான் காபி டம்ளர்களோடு நின்றிருந்தேன்.

"அக்காவோடது அத்தே. அப்போ அவளுக்குக் கொஞ்சம் உடம்பு முடியல."

மாமியார் என் கையிலிருந்த காபியைப் பார்த்தார். "இப்ப எப்படி இருக்கும்மா?"

"நல்லா இருக்கேன்," என்றேன்.

பிறகு சமையலறைக்கு வந்து ஜெயசீலி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அவர் கிட்ட நான் இன்னும் சொல்லலக்கா. நேரம் பாத்துச் சொல்றேன்."

"சொல்லு," என்றேன்.

இப்போது 1998. ஜெயசீலி திருநெல்வேலிப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் டாக்டராக இருக்கிறாள். பிரசவ வார்டில் நல்ல பெயர். மகனுக்கு இரண்டு வயது. கிறிஸ்துமஸுக்கு மாமியாரையும் கூட்டிக்கொண்டு குடும்பமாக வருவார்கள். வீட்டில் அவள் இன்னும் சொல்லவில்லை. மாமியார் குழந்தையை என்னிடம் தூக்கக் கொடுப்பதில்லை. நான் அப்பாவோடு இரும்புலியூரில் இருக்கிறேன். அதே கம்பெனியில்தான் வேலை.