கிழக்குப் பக்கக் கோடு

திருத்தணியில் ரயில் ஏறியதும் எதிர் ஜன்னலோரத்தில் என் பையை வைத்து இடம் பிடிப்பேன். அரக்கோணத்தில் அக்கா ஏறுவார். மடியில் ஓர் அட்டை, அதன்மேல் பயிற்சிக்கென்று ஒதுக்கிய பழைய நில அதிர்வுப் படம், கையில் நீலப் பென்சில். பூமிக்கடியில் உள்ள ஒரு பாறை அடுக்கின் மேல்விளிம்பைப் பின்தொடர்ந்து கோடு இழுத்துக்கொண்டே வருவார். வண்டி குலுங்கினாலும் கோடு குலுங்காது. படம் மங்கிப்போகும் இடத்தில் என் கோடு நின்றுவிடும். அவருடையது மங்கலைக் கடந்து, அடுக்கு மறுபடி தெளிகிற இடத்தில் சரியாகப் போய்ச் சேரும்.

அக்கா என்றாலும் உடன்பிறந்தவர் அல்ல. சென்னை அலுவலகத்தில், ஆற்றுச் சமவெளிக்கு அடியில் எரிவாயு தேடும் குழுவில் என்னைவிட மூன்று ஆண்டு மூத்தவர். எங்கள் வேலை, ஒரே ஆழத்தில் உள்ள புள்ளிகளைக் கோட்டால் இணைப்பது. கோடு சுற்றி வந்து தன்னோடு சேர்ந்தால் அடியில் ஒரு மேடு இருக்கிறது, வாயு தங்கலாம் என்று பொருள். கோட்டை முதலில் மூடுபவருக்கே அந்த மேட்டுக்குப் பெயர் வைக்கும் உரிமை. பக்கத்து ஊர்களில் ஒன்றின் பெயராக இருக்க வேண்டும். எது என்பது அவர் இஷ்டம். கிணற்றில் வாயு வந்தாலும் வராவிட்டாலும் பெயர் வரைபடத்தை விட்டுப் போகாது.

பொறாமையைக்கூட நான் பட்டியலாகத்தான் வைத்திருந்தேன். முதலில் அவருடைய கண். அடுத்தது, கூட்டத்தில் "தெரியல சார்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார அவரால் முடிந்தது. மூன்றாவது, வரைபடத்தில் அவர் எழுதியிருந்த மூன்று பெயர்கள். நான்காவது நைனா, என் அப்பா.

ஆடிக் கிருத்திகைக் காவடிக் கூட்டத்தைப் பார்க்க அக்கா ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர்கள் கிறிஸ்தவக் குடும்பம். வேடிக்கை பார்க்கத்தான் வந்தார். சாப்பிடும்போது நைனா வேலையைப் பற்றிக் கேட்டார். நான் பலமுறை விளக்கியும் அவருக்குப் பிடிபடாத விஷயம். அக்கா காலி ரசக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"ஆங், காத்து மேல வந்து இதுல மாட்டிக்கினு கெடக்குது," என்றார் நைனா. "ஒரு பக்கம் ஒடஞ்சிருந்தா?"

"போயிடும் நைனா. அதான் சுத்தியும் மூடியிருக்குதான்னு பாக்குறோம்."

அவரும் நைனா என்றே கூப்பிட்டார்.

"நீ எத்தினி கிண்ணம் கண்டுபுடிச்சிக்கிறம்மா?"

"மூணு."

நைனா என் பக்கம் திரும்பினார். "நீ?"

"இன்னும் இல்ல."

"சரி, அப்பளம் எடுத்துக்கோ," என்றார்.

எனக்கு ஒதுக்கிய பகுதியில் ஒரு மேடு தென்பட்டது அதே மாதத்தில்தான். மூன்று பக்கம் கோடு அழகாக வளைந்து வந்தது. கிழக்கே கழிமுகம், அங்கே அளவீடு எதுவும் எடுத்திருக்கவில்லை. அளவீடு இல்லாத இடத்தில் புள்ளிக்கோடு போட வேண்டும், அல்லது திறந்தே விட வேண்டும். நான் முழுக்கோடு இழுத்து மூடினேன். கீழ்நாவலூர் என்று பெயர் எழுதினேன். பெயரிட்டவர் என்ற இடத்தில் என் பெயரையும் எழுதினேன்.

மேலாளர் பாராட்டி, கிணறு தோண்டும் பட்டியலில் அதைச் சேர்க்கச் சொன்னார். அக்காவின் விரல் வரைபடத்தின் கிழக்கு ஓரத்துக்குப் போய் நின்றது. பிறகு விரலை எடுத்துக்கொண்டார். அன்று மாலை ரயிலில்தான் கேட்டார்.

"கெழக்குல சர்வே லைனே இல்லியே. எத வெச்சி மூடின?"

"சாய்வு அப்டித்தான்க்கா போவுது."

"போவலாம். போவாமயும் இருக்கலாம்."

"நீங்க மூடினா மட்டும் சரியா?"

அவர் கோபப்படவில்லை. "நான் சொன்னா, உனுக்கு ஒண்ணு கெடைச்சதும் எனுக்கு வயிறு எரியுதுன்னு பேசுவாங்க. நீயே சொல்லிடு. தோண்டறதுக்கு முன்னாடின்னா கோடு மட்டுந்தான் மாறும்."

அரக்கோணத்தில் இறங்கிப் போய்விட்டார். யாருடைய வயிறு எரிந்துகொண்டிருந்தது என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

மூன்றாம் நாள் மேலாளரிடம் சொன்னேன். அவர் பட்டியலிலிருந்து கீழ்நாவலூரை அடித்தார். மறு ஆண்டு படகுகளை வைத்துக் கழிமுகத்தில் அளவீடு எடுத்தார்கள். அந்தப் படங்கள் என்னிடம் வரவில்லை, அக்காவிடம் போயின. மேடு இருந்தது. ஆனால் நான் மூடிய இடத்தில் அல்ல. அதற்கு உள்ளேயே பாறை அடுக்கு முறிந்து இறங்கியிருந்தது, அந்த முறிவில் எதிரே வந்து நின்ற, வாயு புகாத களிப்பாறைதான் கிழக்கை அடைத்திருந்தது. நான் காட்டியதில் பாதி அளவு. அதை ஒரு வாரத்தில் கண்டுபிடித்து அக்கா கோட்டை மூடினார். வழக்கப்படி பெயர் வைக்கும் உரிமை அவருடையது. சுற்றிலும் வேறு ஊர்களும் இருந்தன.

அவர் கீழ்நாவலூர் என்றே விட்டுவிட்டார். பெயரிட்டவர் என்ற இடத்திலும் என் பெயரை அழிக்கவில்லை. "பேரு நல்லாத்தான இருக்குது, இன்னாத்துக்கு மாத்தணும்?" என்றார். நான் நன்றி சொல்லவில்லை. என் பட்டியலில் ஐந்தாவது ஒன்று சேர்ந்தது. மற்ற நான்கையும்விட அதுதான் அதிகம் உறுத்தியது.

அக்கா இப்போது வேறு மாநிலத்தில், வேறு நிறுவனத்தில் இருக்கிறார். நான் இங்கேயே மூத்தவளாகிவிட்டேன். போன வாரம், புதிதாகச் சேர்ந்த பெண் சுவரிலிருந்த வரைபடத்தின் முன்னால் நின்று கேட்டாள்.

"கீழ்நாவலூர் நீங்க கண்டுபிடிச்சதா மேடம்?"

"ஆமா."

"கிழக்குல அந்த முறிவ எப்படிப் பிடிச்சீங்க? எனக்குப் படத்துல தெரியவே இல்ல."

அது நான் இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில், மங்கலான இடத்தைக் கடந்து பார்க்கப் பழக வேண்டும் என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் தலையாட்டிக்கொண்டே அதைத் தன் குறிப்பேட்டில் எழுதி, அடியில் என் பெயரையும் எழுதினாள்.