கழுத்தில் சிலுவை

எங்கள் சித்தூர் சபையின் ஆண்டு விழாவில் பிரசங்கத்தைவிட அன்பின் விருந்துக்குத்தான் கூட்டம் அதிகம். இலை போடுவதற்கு முன்னால், சபையைத் தொடங்கிய ஜெர்மன் மிஷனரி ஐயரின் படத்துக்கு மாலை போடுவது வழக்கம். போடுகிறவர் சபைச் செயலாளரான என் நைனா. அந்த உரிமையை அவர் பாஸ்டருக்குக்கூட விட்டுக்கொடுத்ததில்லை. நூற்றாண்டு விழாவுக்காக ஐயர் குடும்பம் அனுப்பிய இரண்டு பழைய படங்களில் சரியானதைத் தேர்ந்தெடுத்தவரே அவர்தானாம். ஒன்றில் தொப்பி வைத்த தாடிக்காரர். பார்க்க மாட்டு வியாபாரி மாதிரி இருந்தார். இன்னொன்றில் உயர்ந்த காலர், கழுத்தில் சிலுவை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

போன மாத விழாவுக்கு ஐயரின் கொள்ளுப்பேத்தி வந்தார், தலை முழுக்க நரைத்த பெண்மணி. ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் கம்பெனி வேலைக்காக நான் கற்றுக்கொண்ட அரைகுறை ஜெர்மனை நம்பி, நைனா என்னைத் திருப்பதியிலிருந்து வரவழைத்திருந்தார். மாலை போட்டுவிட்டுப் பெருமையாகத் திரும்பினார். அந்தம்மா முகம் வெளுத்துப்போயிருந்தது.

என்னிடம் ஜெர்மனில் சொன்னார்: அது ஐயர் இல்லையாம். தொப்பி வைத்த தாடிக்காரர்தான் ஐயர்; இது ஐயரின் மகன், அந்தம்மாவுக்குத் தாத்தா. பள்ளிக்கூடத்திலிருந்து நேராக முதல் உலகப்போரின் பதுங்குகுழிக்குப் போனவர். நாடு தோற்ற பிறகும் ராணுவத்தை விடவில்லை. இரண்டாம் போரில் கர்னலாக ரஷ்யாவுக்குப் படை நடத்திப் போனார். கழுத்தில் தொங்கியது அதற்காக நாஜி அரசு கொடுத்த சிலுவை வடிவப் பதக்கம்.

பிரியாணி வாசனை வந்துகொண்டிருந்தது. சபையே என் வாயைப் பார்த்தது. மாலை அழகாக இருக்கிறது என்கிறார் என்று சொல்லித் தொலைத்தால் நைனாவின் மானம் தப்பும். அந்தம்மாவின் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து மனசு கேட்கவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

நைனா நாற்காலி மேல் ஏறி, போட்ட மாலையைக் கழற்றினார். இறங்கி நின்று, "அந்த ஊர்ல அவரு இன்னா பண்ணாருன்னு கேளுப்பா" என்றார்.

கேட்டேன். ரஷ்யாவைப் பற்றித் தாத்தா வாயே திறந்ததில்லை, வீட்டில் யாரும் கேட்டதுமில்லை என்றார் அந்தம்மா. அவர் படத்தை வீட்டில் மாட்டவும் இல்லை, கிழிக்கவும் இல்லையாம்.

நைனா மாலையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தம்மாகிட்ட சொல்லுப்பா. வருசா வருசம் மாலை போட்டுக்கினு இருந்தேன். யாருன்னு நானும் கேக்கல."