உப்புக் கழுவின வாடகைக் கார்

பனிமலை பார்க்கவென்று ஜெர்மனியில் கார் வாடகைக்கு எடுத்தோம். கார் ஓடினது நான். அக்காவின் புருஷன், என் அத்தான், ஏழு வருஷம் அங்கே இருந்தும் லைசென்ஸ் எடுக்காதவர். நானோ ஊர்காவற்றுறையில் ஆள் ஏற்றி ஹயர் கார் ஓடிவிட்டுக் கப்பலில் சேர்ந்தவன். ஜெர்மன் துறைமுகத்தில் கப்பலைப் பழுதுபார்த்த நாலு நாளில் அவரிடம் போயிருந்தேன்.

"எட்டாம் வகுப்புப் பெயில். இவனை நம்பி ஏறியிருக்கிறன்," என்று அத்தான் முனகினார்.

"பாஸ் பண்ணின நீங்கள் ஓடுங்கோவன்."

பெல்ட்டை இறுக்கிக் கட்டினார்.

மலையில் காலில் பலகை கட்டிச் சறுக்கினோம். நான் மூன்று தரம் விழுந்தேன். அத்தான் எழும்பினதே மூன்று தரம்தான்.

பின்னேரம், தங்கின வீட்டு வாசலில் காரைச் சுற்றி வந்தேன். அடியிலிருந்து கண்ணாடி வரை வெள்ளை பூத்திருந்தது. விரலால் தொட்டு நக்கினேன். உப்பு. பனி உருகுவதற்காக றோட்டில் கொட்டுகிறார்களாம். பண்ணைக் கடலுக்கு நடுவால் போகும் றோட்டில் தினமும் கார் ஓடினவனுக்கு உப்பைப் பற்றி ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. வீடு வந்ததும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றாவிட்டால் கதவு கொஞ்ச நாளில் துருப்பிடித்துக் கையோடு வரும்.

வாளி கேட்டு வாங்கினேன்.

"டேய், உனக்கென்ன விசரே? இந்தக் குளிருக்கை காரைக் குளிக்க வாக்கிறாய்!"

"இரவல் சாமான், அத்தான். உப்போடை குடுக்க ஏலாது."

கூரை, முன்பக்கம், நாலு கதவு எல்லாம் கழுவினேன். சாமான் ஏற்றும் பின்கதவுக்கு வரமுன் விரல் மரத்துவிட்டது. அதை விட்டுவிட்டேன்.

காலையில் நாலு கதவும் திறக்கவில்லை. ஊற்றின தண்ணீர் முழுக்க ஐஸாகி ஒட்டியிருந்தது. மத்தியானத்துக்குள் காரைக் கொடுத்து ரயில் பிடிக்க வேண்டும். பிந்தினால் கப்பல் போய்விடும், வேலையும் அதோடு போய்விடும்.

"ஓடன் இப்ப, பெரிய டிறைவர்!" அத்தானுக்கு வாய் நிறையச் சிரிப்பு.

கழுவாத பின்கதவை இழுத்தேன். திறந்தது. அத்தானின் சீப்பைப் பிடுங்கி, அது உடையும்வரை முன்கண்ணாடியைச் சுரண்டினேன்.

"ஏறுங்கோ."

"அதுக்குள்ளாலையோ? ஏலாது."

"அப்ப நடந்து வாங்கோ."

ஏறினார்.

கார் எடுத்த வாடகைக் கந்தோர் வாசலில், பின்கதவால் முதலில் அத்தானின் கால்கள் வெளியே வந்தன. அங்கே நின்ற கார்க்காரன் கள்ளரைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். முன்கதவை இழுத்தான். அது அசையவில்லை. ஏதோ கத்தினான்.

"என்னடா சொல்ல?" அத்தான் தலை குனிந்து கேட்டார்.

"உப்புக் கழுவினனான் எண்டு சொல்லுங்கோ."

சொன்னார். கார்க்காரன் இன்னும் கத்தினான்.

"இஞ்சை குளிர்காலத்திலை ஆரும் இப்பிடிக் கழுவுறேல்லையாம்."

"நாங்கள் கழுவுவம் எண்டு சொல்லுங்கோ. தலையை நிமித்திச் சொல்லுங்கோ."

அவன் கையுறையைக் கழற்றி, கதவில் ஒரு விரலை நீளமாக இழுத்தான். விரலைப் பார்த்தான். வெள்ளை ஒட்டவில்லை. தாளில் கையெழுத்து வைத்தான். நான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். ரயில் கிடைத்தது. கப்பலும் கிடைத்தது.

அத்தான் ஊரிலிருக்கும் அக்காவுக்குக் கடிதத்துக்குக் கடிதம் இந்தக் கதையை எழுதுகிறார். அக்கா ஊரெல்லாம் வாசித்துக் காட்டிச் சிரிக்கிறாள். கதவு ஒட்டினது வருகிறது, சீப்பு உடைந்தது வருகிறது. கார்க்காரன் கதவில் இழுத்த அந்த விரலைப் பற்றி மட்டும் மனுஷன் ஒரு வரி எழுதவில்லை.