படம் மட்டும் வரவில்லை

விஜயதசமிக்கு மறுநாள் காலை. வாசலில் கட்டிய மாவிலைகூட இன்னும் வாடவில்லை. நாசர் பாயிடமிருந்து போன்.

"மேடம், கம்பெனி கம்ப்யூட்டர்ல புது சிஸ்டம் போட்டோம். ஒண்ணும் ஓட மாட்டேங்குது. பதினோரு மணிக்கு வீடியோ ஆடிட்டு. கொஞ்சம் வர முடியுங்களா?"

என்னையா?

காரணம் இருக்கிறது. சில மாதங்களுக்கு முன்பு, என் பழைய கம்ப்யூட்டரில் நானே புது ஆபரேட்டிங் சிஸ்டம் போட்ட கதையை இதே பக்கத்தில் எழுதியிருந்தேன். நடுவில் இரண்டு முறை அழுகை வந்ததையும் ஒளிக்காமல் எழுதினேன். ஆனால் படிப்பவர்களுக்கு அழுகை ஞாபகத்தில் நிற்பதில்லை... 'நானே போட்டேன்' மட்டும் நின்றுவிடுகிறது. நாசர் பாய் என் நெடுநாள் வாசகர். அடுத்த தெருக்காரர் வேறு. எப்படி மறுப்பது?

அவருடையது ஓசூர் சிப்காட் ஓரத்தில் ஒரு சின்ன யூனிட். வண்டிகளுக்குள்ளே போகும் உருளைகளைக் கடைந்து கொடுக்கிற வேலை. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பெரிய கம்பெனி ஒன்று சரக்கு எடுப்பதை நிறுத்தியதும் முதலில் நைட் ஷிஃப்ட் போனது. பிறகு பகலிலும் பாதி மெஷின் சும்மா நின்றது.

இந்த நிலைமையில்தான் புனேயிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. சாம்பிள் பிடித்துப் போனது. பாக்கி ஒன்றே ஒன்று... பட்டறையை வீடியோவில் நேரடியாகச் சுற்றிக் காட்ட வேண்டும். அது சரியாக அமைந்தால் ட்ரையல் ஆர்டர். அமையாவிட்டால்? தீபாவளிக்குப் பிறகு வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்று பூஜைக்கு முன்பே ஆட்களிடம் சொல்லி வைத்திருந்தார் பாய்.

ஆகவே போனேன்.

ஆயுத பூஜை முடிந்த பட்டறையைப் பார்த்திருக்கிறீர்களா? கேட்டில் உடைத்த பூசணிக்காய். லேத்துக்குச் சந்தனம், குங்குமம். கம்ப்ரஸருக்குச் சந்தனம், குங்குமம். தீயணைக்கும் சிலிண்டரைக்கூட விடவில்லை. தண்ணீர் கேனுக்கும் ஒரு பொட்டு. மூலையில் கம்ப்யூட்டர், மானிட்டரின் இரண்டு பக்கமும் சாமந்திச் சரம் தொங்க, மணமேடையில் உட்கார்ந்த மாப்பிள்ளை போல இருந்தது.

நாசர் பாயின் யூனிட்டில் இது பல வருட வழக்கம். பொரி, பூசணிக்காய், பூ எல்லாம் அவர் வாங்கித் தருவார். பூஜை நடக்கும்போது கேட்டோரம் கைகட்டி நிற்பார். பொட்டு வைக்க மாட்டார். வைத்த பொட்டைத் துடைக்கவும் மாட்டார். "அது அவங்களோடது" என்பார். எண்ணெய் பட்டு அதுவாக உதிரும் வரை மெஷின்களில் பொட்டு அப்படியே இருக்கும்.

புது சிஸ்டம் விஷயத்துக்கு வருவோம். பழைய ஆபரேட்டிங் சிஸ்டம் ஓய்வு பெற்றுவிட்டதாம். புனேக்காரர்களின் மீட்டிங் சாஃப்ட்வேர் அதில் திறக்க மறுத்தது. போனில் திறக்கலாமே என்று நானும் கேட்டேன். முடியாது... பதிவு செய்த கம்ப்யூட்டரில் மட்டும்தான் திறக்குமாம். எனவே அத்திப்பள்ளியிலிருந்து ஒரு சர்வீஸ்காரரை வரவழைத்து, இலவசமாகக் கிடைக்கும் புது சிஸ்டம் ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். என்றைக்கு? ஆயுத பூஜை அன்று காலையில். நல்ல நாள் பார்த்து.

நல்ல நாள்தான். ஆனால் பூஜை போட்ட ஆயுதத்தைத் தொடக்கூடாதே? அவர் போட்டுவிட்டுப் போனார். இவர்கள் பூ வைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள், பூட்டினார்கள். மறுநாளும் லீவு. புது சிஸ்டம் ஓடுகிறதா இல்லையா என்று ஒருவர்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. ஆடிட் அன்று காலையில் திறந்தால்... நெட் இல்லை, சவுண்ட் இல்லை, கேமராவில் படம் இல்லை. சர்வீஸ்காரருக்குப் போன் செய்தால், வண்டியில் போய்க்கொண்டிருக்கிறேன், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாராம்.

சிஸ்டத்தை ஆன் செய்தேன். எல்லாம் கன்னடத்தில் வந்தது. சர்வீஸ்காரரின் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் எல்லைக்கு அந்தப் பக்கமாம். கை பழக்கத்தில் அப்படியே போட்டுவிட்டார். பட்டறையில் இதைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. படிக்கத் தெரியாத ஒரே ஆள் நான்தான்... நிபுணர்!

ஆபரேட்டர் வெங்கடேஷ் பக்கத்தில் வந்து நின்றார். வீட்டில் தெலுங்கு, படித்தது ஆனேக்கல்லில் கன்னடம், வேலை தமிழில். ஒவ்வொரு மெனுவாகப் படித்துக் காட்டினார்.

"இது 'த்வனி' மேடம். சவுண்டு."

அழுத்தினேன். சத்தமெல்லாம் மானிட்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த மானிட்டருக்கு ஸ்பீக்கரே கிடையாது. ஊமையிடம் போய்ப் பாடச் சொன்னால் என்ன செய்யும்? ஸ்பீக்கருக்கு மாற்றினேன். வந்தது.

வைஃபை குச்சியைப் புது சிஸ்டம் கண்டுகொள்ளவே இல்லை. பாயின் போனை வயரில் செருகி, அதன் வழியாக நெட்டை இழுத்தோம். கடிகாரம் விடியற்காலை நாலரை என்றது. அதையும் திருத்தினோம். எனக்கே என் மேல் மரியாதை வந்துகொண்டிருந்த நேரம்.

படம் மட்டும் வரவில்லை.

மானிட்டர் உச்சியில் செருகியிருந்த கேமராவின் சின்ன விளக்கு எரிகிறது. சிஸ்டமும் 'கேமரா இருக்கிறது' என்கிறது. திரையிலோ கறுப்பு. நெட்டில் தேடினேன். புது சிஸ்டம் போட்ட பிறகு கேமராவில் கறுப்புப் படம்... உலகம் முழுக்க இதே புலம்பல். கேமராவை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேரில் கோளாறு என்றார் ஒருவர். பழைய டிரைவரைத் தூக்கிவிட்டுப் புதிதாகப் போடு என்றார் இன்னொருவர். கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து, புரியாத கமாண்டுகளைப் புரிந்த முகத்தோடு அடித்தேன். ரீஸ்டார்ட் செய்தேன். மறுபடியும் ரீஸ்டார்ட் செய்தேன். கறுப்பு.

"போன வாரம் வரைக்கும் இதே கேமரா நல்லா ஓடிச்சு மேடம்" என்றார் பாய். "எல்லாம் இந்தப் புது சிஸ்டம் வந்த நேரம்."

நானும் ஆமாம் என்றேன். புது மருமகள் வந்த வாரத்தில் பால் திரிந்தால் யார் மேல் பழி? பால்காரரையா கேட்கிறோம்? அப்படித்தான்.

என் பின்னால் ரத்னம்மா நின்றிருந்தார். கடைந்து வரும் உருளைகளை அளந்து பார்த்து ஓகே சொல்வது அவர் வேலை. ராயக்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர்.

"ஆயிடுங்களா மேடம்?" என்றார். நான் மறுபடியும் ரீஸ்டார்ட்டை அழுத்தினேன். அவரே தொடர்ந்தார். "மூணு நாள் வேலைக்கு அங்கேர்ந்து பஸ் ஏறி வர்றதா, பேசாம ஊர்லயே தக்காளி மண்டிக்குப் போயிடறதான்னு யோசிச்சிட்டிருக்கேன். அதான் கேட்டேன்."

சாதாரணமாகத்தான் சொன்னார். ஒரு பத்தி எழுதிய பாவத்துக்கு இத்தனை பேர் பிழைப்பு என் விரலுக்கு வந்து நிற்கிறதே என்று எனக்குத்தான் பயம். வேறு யாரையாவது கூப்பிட்டிருக்கக் கூடாதா என்று பாய் மேல் எரிச்சல்.

பதினொன்று. புனேக்காரர் வந்துவிட்டார். அதாவது, அவர் முகம் எங்களுக்குத் தெரிந்தது. எங்கள் முகம் அவருக்குத் தெரியவில்லை. அவரும் பாயும் ஹிந்தியில் பேசினார்கள். குரல் கேட்கிறது, படம் இல்லை என்றார் அவர். கொஞ்ச நேரம் காத்திருக்கிறேன், அதற்குப் பிறகு இன்னொரு கம்பெனியின் ஆடிட் இருக்கிறது என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதைதான் பயமுறுத்தியது.

வெளிச்சம் போதவில்லையோ என்று வெங்கடேஷ் ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டார். வெயில் நேராக உள்ளே விழுந்தது. கறுப்புத் திரை மெல்ல இருண்ட சிவப்பாக மாறியது.

"கலர் செட்டிங்தான்" என்றேன். எவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன் தெரியுமா?

புனேக்காரர் அந்தச் சிவப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பாயிடம் ஒரு கேள்வி கேட்டார். உங்கள் ஊரில் பூஜை முடிந்துவிட்டதா?

"முடிஞ்சுது சார்" என்று ஹிந்தியில் சொன்னார் பாய்.

அப்படியானால் திரையை விட்டுவிட்டுக் கேமராவைப் பாருங்கள் என்றார் அவர். போன தசராவுக்கு எங்கள் ஆட்கள் பார்கோடு ஸ்கேனருக்கு வைத்துவிட்டார்கள், ஒரு நாள் முழுக்க லோடு போகவில்லை என்றும் சொன்னார்.

பார்த்தோம். அதுவரை எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கேமராவை ஒருவரும் பார்க்கவில்லை. அதன் கண்ணின் மேலே வட்டமாக, அழகாக, கெட்டிச் சந்தனம். நடுவில் குங்குமம்.

யார் வைத்தது என்று கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. ரத்னம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"டிவி மாதிரி இருக்குதே, எங்க வெக்கறதுன்னு பாத்தேங்க. மேல நடுவுல நெத்தி மாதிரி இருந்துச்சு. வெச்சிட்டேன்."

சரிதானே? நீங்களே சொல்லுங்கள். முகம் என்றால் அதற்கு நெற்றி எங்கே இருக்கும்?

கைக்குட்டையை எடுத்தேன். ஒரே இழுப்பு, வேலை முடிந்தது என்று கையை நீட்டினேன்.

"தொடைக்காதீங்க மேடம்."

ரத்னம்மாதான். குரல் உயரவில்லை. ஆனால் வெங்கடேஷும் ஒரு அடி முன்னால் வந்துவிட்டார். பூஜையில் வைத்த பொட்டு. வேலை நிலைக்குமா போகுமா என்று தெரியாத நாளில், அதே வேலைக்காக, அதை அழிப்பதா? எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கை நின்றுவிட்டது. நான் துடைத்து, ஆர்டரும் வராமல் போனால்... ராயக்கோட்டை பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு பெண் ஆயுசுக்கும் என் கைக்குட்டையை நினைத்துக்கொண்டிருப்பாளே?

பாயைப் பார்த்தேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். திரையில் புனேக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரத்னம்மா" என்றார் பாய். "நீ வெச்சது. நீயே பாத்து ஒண்ணு செய்யும்மா."

ரத்னம்மா வாட்டர் பாட்டிலில் மோதிர விரலை நனைத்தார். கேமராவின் மேல் வைத்து, சந்தனத்தைக் குங்குமத்தோடு அப்படியே வழித்து எடுத்தார். குனிந்து, மேஜைக்குக் கீழே இருந்த சிபியூ பெட்டியின் முகப்பில், பவர் பட்டனுக்கு மேலே வைத்தார். கையைக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

"அழிக்கலீங்க. இடம் மாத்தி வெச்சேன்."

கேமராவில் இன்னும் மஞ்சள் ஒட்டியிருந்தது. அதற்கு என்ன செய்வது? உருளைகளை அளக்கும் முன் துடைக்கிற மெல்லிய துணியை எடுத்து அவரே பளிச்சென்று துடைத்துவிட்டார். நான் திகைத்துப் பார்த்தேன். பொட்டை எடுத்த பிறகு மிஞ்சுவது பொட்டு இல்லையாம்... வெறும் அழுக்கு. அதைத் துடைக்கலாமாம். எத்தனை வக்கீல்களுக்கு இந்தத் தெளிவு இருக்கிறது?

படம் வந்தது. முதலில் தெரிந்தது, வாயைத் திறந்தபடி நின்றிருந்த என் முகம். சட்டென்று நகர்ந்துகொண்டேன்.

வெங்கடேஷ் நீள வயரோடு கேமராவைக் கழற்றி, ஆரத்தித் தட்டு மாதிரி இரண்டு கையாலும் ஏந்தி, ஒவ்வொரு மெஷினாகச் சுற்றிக் காட்டினார். ரத்னம்மா ஒரு உருளையை அளந்து காட்டினார். புனேக்காரர் கேள்வி கேட்டார், பாய் பதில் சொன்னார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து பொரி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நிபுணருக்கு வேறு வேலை இல்லை.

ட்ரையல் ஆர்டரை இன்றே மெயிலில் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் போனார். பட்டறையில் யாரும் கை தட்டவில்லை. பாய் கர்ச்சீப்பால் முகத்தை ஒரு முறை அழுத்தித் துடைத்தார். எல்லோருக்கும் டீ சொன்னார். ரத்னம்மா அளந்த உருளையைத் தட்டில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். நாளைக்கும் அதே பஸ்தான் போலிருக்கிறது. எனக்கு மனசு லேசாக இருந்தது. நான் செய்தது ஒன்றுமில்லை என்பதால் இன்னும் லேசாக.

பாவம் அந்தப் புது சிஸ்டம். காலை முழுக்க அதை எத்தனை பேச்சுப் பேசினோம்... அது எதிரே இருந்த சந்தனத்தைத்தானே நேர்மையாகப் படம் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தது?

டீ வருவதற்குள் சர்வீஸ்காரர் போன் செய்தார். பாய் என்னிடம் கொடுத்தார்.

"மேடம், காலையிலேர்ந்து நெட்ல தேடிட்டேன். அந்தக் கேமராவுக்கு இந்த சிஸ்டத்துல டிரைவரே கிடையாதுங்க. வேற கேமராதான் போடணும்."

"படம் வந்துடுச்சே" என்றேன்.

"வந்துடுச்சா? எந்தக் கமாண்டு போட்டீங்க?"

ரத்னம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"மோதிர விரல்" என்றேன்.