விதி என்று எழுதச் சொன்னார்கள்

அந்த நாடகத்தை நான் ஒரு வருஷம் முழுக்கப் படித்தேன். இன்றைக்கும் யாராவது அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. இங்கிலாந்தை ஒரு ராணி ஆண்ட பழைய காலத்தில் எழுதியது. பகை கொண்ட இரண்டு குடும்பங்கள். ஒன்றில் பையன், மற்றதில் பெண். இருவரும் காதலித்து, ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டு, கடைசியில் செத்துப்போகிறார்கள். பினாங்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பில் இருந்த எங்களுக்கு அதுதான் பாடம். பரீட்சைக் கேள்விகள் சீமையிலிருந்து கப்பலில் வரும். நாங்கள் எழுதியவையும் கப்பலேறிப் போகும்.

எங்கள் வாத்தியார் வெள்ளைக்காரர். நல்ல மனிதர், பிரம்பைத் தொடமாட்டார். ஆனால் இந்த நாடக விஷயத்தில் அவருக்கு ஒரே பிடிவாதம். விதி, காதல், பகை என்று மூன்று சங்கதிகள் இதில் இருக்கின்றன. எந்தக் கேள்வி வந்தாலும் விதியை முதலில் வைக்க வேண்டும். நட்சத்திரங்கள் முன்பே தீர்மானித்துவிட்டதை மனிதர்களால் மாற்ற முடியாது என்று முடிக்க வேண்டும். அப்படி எழுதினால் பாஸ்.

எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. அந்தக் கடிதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பெண் உண்மையில் சாகவில்லை, மருந்து குடித்து மயங்கித்தான் கிடக்கிறாள் என்று ஒரு சாமியார் பையனுக்குக் கடிதம் அனுப்புகிறார். கொள்ளைநோய் பயத்தில் கடிதம் கொண்டுபோனவரை ஒரு வீட்டில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். கடிதம் போய்ச் சேரவில்லை. இது விதியாம். எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கப்பலில் ஒருவனுக்கு அம்மை கண்டால் போதும், வந்த அத்தனை பேரையும் ஜெரெஜாக் தீவில் இறக்கி அடைத்துவிடுவார்கள். அதற்காக எந்த வீட்டிலும் சேதி சொல்லாமல் இருந்ததில்லை. ஒரு ஆள் மாட்டிக்கொண்டால் இன்னொரு ஆளைப் பிடிப்போம். அவ்வளவுதான். இதைக் கட்டுரையில் எழுதினேன். வாத்தியார் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டு, இது துறைமுகத்துச் சமாச்சாரம், இலக்கியம் அல்ல என்று திருப்பிக் கொடுத்தார்.

இதற்குப் போய் இவ்வளவு கோபமா என்று நீங்கள் நினைக்கலாம். வீட்டில் அதற்குக் காரணம் இருந்தது.

கடைத்தெருவில் அப்பாவுக்கு ஜவுளிக்கடை. நேர் எதிரே மாமாவின் மளிகைக்கடை. அம்மாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன் அவர். கடைக்கு மேலே வீடு, இரண்டு பக்கமும் அப்படித்தான். எங்கள் மாடி ஜன்னலில் நின்று தும்மினால் அவர்களுக்குக் கேட்கும். ஒரு தைப்பூசத்தன்று ரதம் தெருவுக்குள் வந்து நின்றது. அந்த வருஷம் தண்ணீர்ப்பந்தல் போட்டது அப்பா. முதல் மாலை தனக்குத்தான் என்று கழுத்தைச் சற்று நீட்டிக்கொண்டே நின்றார். பூசாரி அதை மாமாவுக்குப் போட்டுவிட்டார். அப்பா நாலு பேர் முன்னால் ஏதோ சொன்னார். மாமா பதிலுக்கு ஏதோ சொன்னார். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. அம்மா தன் அண்ணனைத் தினமும் எதிர்ச்சாரியில் பார்ப்பாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போவாள்.

என் அக்காவும் மாமாவின் மகனும் முறைப்பெண், முறைமாப்பிள்ளை. இவளுக்கு அவன்தான் என்று சின்ன வயதிலிருந்தே இரண்டு வீட்டிலும் சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்கள். சண்டைக்குப் பிறகு பெரியவர்கள் அதை வசதியாக மறந்தார்கள். இவர்கள் இருவரும் மறக்கவில்லை. பேச்சு கிடையாது, எழுத்து கிடையாது. காலையில் அத்தான் கடைப்பலகை எடுக்கும் நேரத்துக்கு அக்கா ஜன்னலில் துணி காயப்போடுவாள், அவ்வளவுதான்.

நான் பாடம் படிக்கும்போது அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டே கதையைத் தமிழில் சொல்லச் சொல்வாள்.

“அந்தப் பொண்ணு ஏன்டா ஒளிஞ்சு கட்டிக்கிச்சு?”

“வீட்டுல விடமாட்டாங்களேக்கா.”

“கேட்டுப் பாத்துச்சா?”

“இல்ல.”

“கேக்காமலே எப்படித் தெரியும்? நான் அப்படியெல்லாம் போகமாட்டேன் லா. மாமா வந்து கேக்கணும், அப்பா குடுக்கணும். நாலு பேரு பாக்கத்தான் நான் அந்த வீட்டுப் படி ஏறுவேன்.”

அவள்மேலும் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்பாவும் மாமாவும் பேசிக்கொள்வார்கள் என்று காத்திருந்தால் கிழவியாகிவிடுவாள் என்று பட்டது. அவளோ நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த துணியை எடுத்தாள்.

அப்புறம் தைப்பிங்கிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ரயில்வேயில் கிராணி, கணக்கெழுதும் உத்தியோகம். அப்பா தலையாட்டத் தொடங்கியதும் அக்கா முதல் தடவையாகப் பயந்தாள். சமையல்கட்டில் என்னைப் பிடித்து நிறுத்தினாள்.

“தம்பி, நீ போய் மாமாகிட்ட சொல்லு. சீக்கிரம் வந்து கேக்கச் சொல்லு.”

போனேன். மாமா என்னை உட்காரவைத்துக் காப்பி வரவழைத்தார். பிறகு சொன்னார்: “எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனா உங்கப்பா என்னைத் தெருவுல வச்சுப் பேசிட்டாரு. அவரு வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும். மறுநாளே தட்டோட பொண்ணு கேட்டு வரேன்.”

பின்னால் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே அத்தான் நின்றுகொண்டிருந்தார். ஒரு மூட்டையின் வாயைத் திரும்பத் திரும்ப இறுக்கிக் கட்டினார். அவரை உலுக்க வேண்டும்போல் இருந்தது.

அப்பாவிடம் வந்து சொன்னேன்.

“பையன் வீட்டுக்காரன்தான் வந்து கேக்கணும். அதுதான் முறை. பொண்ணை வச்சிருக்கிறவன் போய் அவன் வாசல்ல நிக்கணுமா? நல்லா இருக்குல்ல?”

“அவரு வரேன்னுதான் சொல்றாருப்பா. நீங்க ஒரே ஒரு வார்த்தை...”

“நீ படிக்கிற வேலையைப் பாரு.”

மறுபடி மாமாவிடம் போனேன். மறுபடி அப்பாவிடம் வந்தேன். மாட்டுவண்டிக்கும் ரிக்‌ஷாவுக்கும் இடையில் அந்தத் தெருவை எத்தனை தடவை கடந்தேன் என்று எனக்கே தெரியாது. ஒருவர் முறை என்றார், மற்றவர் மானம் என்றார். நடுவில் ஒரு பெண் இருக்கிறாள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்துதான் இப்படிச் செய்தார்கள். தைப்பிங்காரர்களுடன் அப்பா பாக்கு வெற்றிலை மாற்றிக்கொண்டார்.

அந்த வருஷக் கடைசியில் பரீட்சை. வாத்தியார் சொன்ன கேள்வியே வந்தது. காதலர்களின் சாவுக்கு எது காரணம்? பாஸாக வேண்டுமே. விதி என்று முதல் வரியில் எழுதினேன். நட்சத்திரம், கனவு, போய்ச் சேராத கடிதம் என்று வரிசையாக எழுதிக்கொண்டே போனேன்.

தை மாதம் கல்யாணம். அப்போதுதான் அந்தச் சிக்கல் வந்தது. தாய்மாமன் மாலை போட்டு அழைத்துப் போனால்தான் பெண் மணவறை ஏற முடியும். எங்கள் பக்கத்து வழக்கம் அது. தாய்மாமன் எதிர்க்கடையிலேயே இருக்கும்போது வேறு யாரையும் நிறுத்த முடியாது, மாப்பிள்ளை வீட்டார் காறித் துப்புவார்கள். அதுவரை வாயே திறக்காத அம்மா, “எங்கண்ணன் மாலை போடாம என் மக மணவறை ஏறமாட்டா” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அப்பா வெற்றிலைத் தட்டைக் கையில் எடுத்தார். நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஒரு ரிக்‌ஷா போகட்டும் என்று நின்றார். பிறகு தெருவைக் கடந்து மாமா கடைப் படியில் ஏறினார். அவ்வளவு சுலபம். எதையாவது எடுத்து அவர் முதுகில் எறியலாமா என்று இருந்தது எனக்கு.

கல்யாணத்தன்று மாமா மேளதாளத்தோடு சீர் கொண்டுவந்தார். பட்டுச்சேலைத் தட்டை ஏந்திக்கொண்டு பின்னால் வந்தவர் அத்தான். யாரையும் பார்க்காமல் தட்டை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தார். உள்ளறையில் அக்காவுக்கு மாமா மாலை போட்டார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த நிமிஷம் இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். சுற்றி நின்ற பெண்களும் கண்ணைத் துடைத்தார்கள்.

“நீங்க முன்னாலயே வந்திருந்தா, மச்சான், உங்க பையனுக்கே குடுத்திருப்பேனே” என்றார் அப்பா.

“நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேனே, மாப்ளே” என்றார் மாமா.

“என்ன செய்யிறது. எல்லாம் அவ தலையெழுத்து.”

“ஆமா, அவ தலையெழுத்து.”

இரண்டு பேர் முகத்திலும் ஒரு நிம்மதி. பெரிய பாரத்தை இறக்கி வேறொருவர் தலையில் வைத்த நிம்மதி. அக்கா அவர்களுக்கு ஒரு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் மாலை, மடியில் கைகள். நான் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தேன். அழவில்லை.

“தம்பி, உன் புஸ்தகத்துல பெரியவங்க எப்ப சமாதானம் ஆனாங்க?”

“அந்தப் பொண்ணும் பையனும் செத்த பிறகுக்கா.”

“அப்ப அவங்க காதுல இதெல்லாம் விழுந்திருக்காது.”

வெளியே முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ குரல் கொடுத்தார்கள். அக்கா எழுந்து, மாமா நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு மணவறைக்குப் போனாள்.